குடல் புற்றுநோய்க் கட்டியின் இழையம் என்ன சொல்கிறது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இழையவியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். கட்டியிலிருந்து வெட்டிய துண்டை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது என் தொழில். அதைப் பார்த்து நோயை முடிவுசெய்து கையெழுத்து வைப்பவர் நோயியல் நிபுணர். உவர்மலையில் அயலவர்கள், மூதூரிலும் கிண்ணியாவிலும் தெரிந்தவர்கள் என்று பலர் குடல் கட்டி ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள். ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டு இங்கே பதில் எழுதுகிறேன். இது உங்கள் வைத்தியரின் ஆலோசனைக்குப் பதிலாகாது. கிளினிக்கில் அவரிடம் என்ன கேட்கலாம் என்பது இதிலிருந்து தெரியவரும்.

"ரிப்போர்ட்டில அடினோகார்சினோமா எண்டு போட்டிருக்கு. குடல் புற்றுநோய் எண்டா ஒண்டுதானே மிஸ், அதுக்குள்ளயும் வகை இருக்கா?"

இருக்கிறது. பெருங்குடலிலும் நேர்குடலிலும் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை அடினோகார்சினோமாதான். சுரப்பிக் கலங்களிலிருந்து கிளம்பியது என்பதை மட்டுமே அந்தப் பெயர் சொல்கிறது. எந்தப் பரம்பரையலகு பழுதாகிக் கிளம்பியது என்பது அதில் இல்லை.

பெரிய பிரிவு இரண்டு. சுமார் 85 வீதமானவற்றில் பெரும்பாலும் நிறமூர்த்தங்களே உடைந்தும் கூடிக்குறைந்தும் போயிருக்கும். மீதி 15 வீதத்தில் வேறு கதை. கலம் பிரியும்போது டிஎன்ஏ படியெடுக்கப்படுகிறது. அதில் வரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இந்தக் கட்டிகளில் வேலை செய்வதில்லை. டிஎன்ஏயில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் பிழைகள் குவிந்துவிடும். ரிப்போர்ட்டில் எம்எஸ்ஐ-ஹை என்றோ டிஎம்எம்ஆர் என்றோ எழுதுவது இதைத்தான்.

இந்த 15இல் ஏறத்தாழ 3 மட்டுமே பெற்றோரிடமிருந்து வந்த லிஞ்ச் சிண்ட்ரோம். மற்ற 12உம் வயது போகப்போக அந்தக் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்ட மாற்றம், பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது. இந்த இரண்டையும் பிரித்தறிவதற்காகத்தான் கீழே வரும் பாதிப் பரிசோதனைகளும்.

"பரம்பரையலகு கண்ணுக்குத் தெரியாதே. நுணுக்குக்காட்டியில பாத்து எப்பிடிச் சொல்லுறாங்க?"

பழுதைப் பார்ப்பதில்லை, பழுதின் விளைவைப் பார்க்கிறார்கள். திருத்தும் புரதம் இல்லாத கலத்தில் பிழைகள் ஆயிரக்கணக்கில் சேரும். அதனால் உடம்புக்கு முன்பின் தெரியாத புரதத் துண்டுகள் உருவாகும். அவற்றை அந்நியமென்று கண்டுகொண்டு நோயெதிர்ப்புக் கலங்கள் கட்டிக்குள் புகுந்துவிடும். அந்தக் கூட்டத்தைப் பார்க்க விசேட சாயம்கூடத் தேவையில்லை.

எல்லா ஆய்வுகூடத்திலும் போடுவது ஒரே சாயச் சோடிதான். ஹீமற்றொக்சிலின் கருவை நீலமாக்கும், இயோசின் மற்றப் பகுதியை இளஞ்சிவப்பாக்கும். 4 மைக்ரோமீற்றர் அளவு மெல்லிய சீவல். அதில் பெரிய, வெளிறிய புற்றுநோய்க் கலங்களுக்கு நடுவே சிறிய, வட்டமான, கடும் நீலப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். கட்டிக்குள் புகுந்த நிணநீர்க்கலங்கள் அவைதான். ஒரு தரம் சரியாகக் காட்டித் தந்தால் பிறகு கண் தானாகவே அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

"ரிப்போர்ட்டில எந்தச் சொல்லைத் தேட வேணும்?"

முதலாவது, இப்போது சொன்ன நிணநீர்க்கலங்கள். 'டியூமர் இன்ஃபில்ட்ரேற்றிங் லிம்ஃபோசைற்ஸ்', சுருக்கமாக டில்ஸ். கட்டியைச் சுற்றியுள்ள நாரிழையத்தில் நிணநீர்க்கலம் இருப்பது சாதாரணம். புற்றுநோய்க் கலங்களுக்கு இடையிலேயே இருப்பதுதான் கணக்கு. உயர் பெருக்கத்தில் ஒரு புலத்துக்குச் சராசரியாக 2க்கு மேல் இருந்தால் கூடுதல் என்று பல இடங்களில் கொள்கிறார்கள். மற்ற அடையாளங்கள் எல்லாவற்றையும்விட இதற்கே பெறுமதி அதிகம் என்பேன்.

இரண்டாவது, 'குரோன்ஸ் லைக் ரியாக்ஷன்'. கட்டியின் விளிம்புக்கு வெளியே, குடல் தசையையும் கொழுப்பையும் ஒட்டி நிணநீர்க்கலங்கள் உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். குரோன்ஸ் எனும் குடல் அழற்சி நோயில் காணும் தோற்றம் என்பதால் அந்தப் பெயர். உங்களுக்குக் குரோன்ஸ் நோய் இருப்பதாக அர்த்தமில்லை. இந்தப் பயத்தோடு வந்தவர்களும் உண்டு.

அடுத்தது கட்டியின் வளர்ச்சி. 'மியூசினஸ்' என்றால் கட்டியில் பாதிக்கு மேல் சீதம் தேங்கியிருக்கிறது. 'சிக்னெற் ரிங்' என்றால் கலத்துக்குள்ளேயே சீதம் நிறைந்து கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது. 'மெடுலரி' என்றால் சுரப்பி வடிவமே இல்லாமல் பெரிய கலங்கள் பாளம் பாளமாக வளர்ந்திருக்கும், அவற்றுக்குள்ளே டில்ஸ் நிறைந்திருக்கும். மெடுலரி அரிது, ஆனால் கண்டால் எம்எஸ்ஐ ஆக இருக்கச் சாத்தியம் மிக அதிகம். ஒரே கட்டியில் ஒரு மூலையில் சீதம், ஒரு மூலையில் சாதாரண சுரப்பி, இன்னொரு மூலையில் பாளம் என்று கலந்து வருவதும் ஒரு தடயம்.

இல்லாமல் இருப்பதும் அடையாளம்தான். சாதாரண குடல் புற்றுநோயில் சுரப்பிகளின் உள்வெளி முழுக்கச் செத்த கலங்களின் குப்பை அடைந்து கிடக்கும். 'டேர்ட்டி நெக்ரோசிஸ்' என்பார்கள். எம்எஸ்ஐ கட்டிகளில் அது குறைவு, அல்லது இராது. விளிம்பும் விரல் விரலாக ஊடுருவாமல், பக்கத்து இழையத்தை ஒரே முகமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். இடத்தையும் பாருங்கள்: குருட்டுக்குடல், ஏறுகுடல் என்று வலப்பக்கமாக இருந்தால் சந்தேகம் கூடும். அந்தப் பக்கக் கட்டியில் கண்ணுக்குத் தெரிய இரத்தம் போகாமல், களைப்பும் குருதிச்சோகையுமாகவே நாள் கடந்துவிடுவதுண்டு.

"உம்மாட ரிப்போர்ட்டில மியூசினஸ், பூர்லி டிஃபரன்ஷியேற்றட் எண்டு ரெண்டும் இருக்கு. அது ஆகக் கூடாத வகை எண்டு சொல்லுறாங்க. மெய்யா?"

அந்த இரண்டு சொல்லை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கலங்கள் தம் பழைய வடிவத்தை எவ்வளவு இழந்திருக்கின்றன என்பதுதான் 'டிஃபரன்ஷியேஷன்'. சாதாரண குடல் புற்றுநோயில் இழப்புக் கூடினால் நோயின் போக்கும் மோசமாகும். எம்எஸ்ஐ கட்டி பார்வைக்கு மோசமாக இருந்தாலும், ஆரம்ப நிலைகளில் அதன் போக்குச் சராசரியைவிட நல்லதாகவே இருக்கும். உடம்பின் நோயெதிர்ப்பு உள்ளே புகுந்து நிற்பது ஒரு காரணம்.

ஆகவே உம்மாவின் விடயத்தில் கேட்க வேண்டியது எம்எம்ஆர், அதாவது அந்தத் திருத்தும் புரதங்கள், பார்த்தார்களா என்பதை. பார்த்து, பழுதில்லை என்று வந்தால் 'பூர்லி' என்ற சொல்லுக்கு அதன் பழைய கனம் இருக்கும். பழுது என்று வந்தால் கதை மாறும். எத்தனையாம் கட்டம், எத்தனை நிணநீர்க்கணுவில் பரவியிருக்கிறது என்பவை இரண்டு வகையிலும் முக்கியம். குறைந்தது 12 கணுக்களையாவது தேடிப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி; ரிப்போர்ட்டில் அந்த எண்ணையும் பாருங்கள்.

"இந்த அடையாளம் எல்லாம் அப்பாண்ட ரிப்போர்ட்டில கிடக்கு. அப்ப லிஞ்ச்தானே?"

இல்லை. முதல் பதிலில் சொன்னபடி எம்எஸ்ஐ கட்டிகளில் பெரும்பங்கு லிஞ்ச் அல்ல. நுணுக்குக்காட்டியில் தெரிவது எம்எஸ்ஐயின் சாடை மட்டுமே. அந்தச் சாடை இல்லாத எம்எஸ்ஐ கட்டிகளும் உண்டு, சாடை இருந்தும் எம்எஸ்ஐ இல்லாதவையும் உண்டு.

லிஞ்சைத் தேட யாருடைய கட்டியைப் பரிசோதிப்பது என்று சொல்வது பெதெஸ்டா வழிகாட்டி. 2004இல் திருத்தப்பட்ட அது, 60 வயதுக்குக் குறைந்தவரில் இந்த இழைய அடையாளங்கள் தெரிந்தால் எம்எஸ்ஐ பரிசோதிக்கச் சொன்னது. குடும்ப வரலாறு இல்லாதவர்களையும் நுணுக்குக்காட்டி வழியாகப் பிடிக்கலாம் என்று அது ஒப்புக்கொண்டது எங்கள் துறைக்குப் பெரிய விடயம். இப்போது பல நாடுகளின் வழிகாட்டிகள் அதையும் தாண்டி, வயதோ தோற்றமோ பார்க்காமல் எல்லாக் குடல் புற்றுநோய்க்கும் பரிசோதனை செய்யச் சொல்கின்றன. எல்லாருக்கும் செய்ய வசதி இல்லாத இடத்தில் இழைய அடையாளங்களின் தேவை இன்னும் கூடுதல். யாருக்கு முதலில் செய்வது என்று காட்டித்தருபவை அவைதான்.

"இம்யூனோவில எம்எல்எச்1 'லொஸ்' எண்டு வந்திருக்கு. லொஸ் எண்டா கட்டி குறைஞ்சிட்டா?"

இல்லை. அந்தப் புரதம் கட்டிக் கலங்களில் காணப்படவில்லை என்பதே பொருள். இம்யூனோ என்ற சாயப் பரிசோதனையில் நான்கு திருத்தும் புரதங்களைத் தேடுகிறார்கள்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. புரதம் இருந்தால் கரு மண்ணிறமாகும், இல்லாவிட்டால் வெளிர்நீலமாகவே நிற்கும். கட்டிக்கு நடுவே இருக்கும் சாதாரண நிணநீர்க்கலங்கள் மண்ணிறமாகி, கட்டிக் கலங்கள் நீலமாகவே நின்றால்தான் அது உண்மையான இழப்பு. இரண்டுமே நிறமேறாவிட்டால் சாயம் பிடிக்கவில்லை. திரும்பப் போட வேண்டும்.

இவை சோடி சோடியாக வேலை செய்பவை. எம்எல்எச்1 போனால் பிஎம்எஸ்2உம் நிலைக்காது, எம்எஸ்எச்2 போனால் எம்எஸ்எச்6உம் போய்விடும். அதனால் இரண்டு 'லொஸ்' என்று வந்தாலும் இரண்டு பழுது என்று எண்ண வேண்டாம். பிஎம்எஸ்2 மட்டுமோ எம்எஸ்எச்6 மட்டுமோ தனியாக இல்லாமற்போனால், பழுது பெரும்பாலும் அந்தப் பரம்பரையலகிலேயே இருக்கும்.

"அப்ப எங்களுக்கும் வருமா? பிள்ளையளுக்கு?"

எது இல்லாமற்போனது என்பதைப் பொறுத்தது. எம்எல்எச்1 என்றால் அடுத்த படி பிராஃப் பரிசோதனை. பிராஃப் பரம்பரையலகில் வி600ஈ என்ற விகாரம் இருந்தால் லிஞ்ச் அல்ல என்று ஏறக்குறைய முடிவெடுக்கலாம். வயதானவர்களில், பெண்களில் கூடுதலாக, வலப்பக்கத்தில் தட்டையான, ரம்பப் பல் வெட்டுப்போல ஓரங்கொண்ட பொலிப்பிலிருந்து (குடல் உட்சுவரில் வரும் சிறு வளர்ச்சி) வளரும் கட்டிகள் இவை. எம்எல்எச்1 பரம்பரையலகின் முன்பகுதியில் மெதைல் என்ற சிறு இரசாயனத் துண்டு சேர்ந்து அது வாயடைத்துப் போயிருக்கும். பிராஃப் விகாரம் இல்லாவிட்டால் அந்த மெதைல் சேர்க்கையைத் தனியாகத் தேடுவார்கள். அதுவும் இல்லையென்றால்தான் இரத்தத்தில் பரம்பரையலகுப் பரிசோதனை. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, அல்லது பிஎம்எஸ்2 மட்டும் இல்லாத கட்டி என்றால் இந்த இடைப்படி இல்லாமல் நேரே இரத்தப் பரிசோதனைக்குப் போகலாம்.

லிஞ்ச் என்று உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேயளவு. பழுது வந்தவர்கள் எல்லாருக்கும் புற்றுநோய் வரும் என்றில்லை. அவர்களுக்கு ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் கொலொனோஸ்கொப்பி செய்தால் பொலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 பழுது என்றால் 25 வயதளவிலும், மற்ற இரண்டுக்கும் 35 அளவிலும் தொடங்குவது வழக்கம்.

"எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் குடல் புற்றுநோய் இல்லை. பெரியம்மாக்கு கர்ப்பப்பையிலதான் வந்தது. அதைச் சொல்லத் தேவையா?"

கட்டாயம் சொல்லுங்கள். லிஞ்ச் குடும்பத்துப் பெண்களுக்குக் குடலைப் போலவே கருப்பை உட்சுவரிலும் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். சூலகம், இரைப்பை, சிறுகுடல், சிறுநீர்க்குழாய் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தையல் வேலை செய்த ஒரு பெண், தன் குடும்பத்தில் பலர் குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய் வந்து இறந்ததால் தானும் அப்படித்தான் போவேன் என்று நோயியல் பேராசிரியர் ஒல்ட்றெட் வோதினிடம் சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். வோதின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை 1913இல் வெளியிட்டார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் விரிவாக ஆராய்ந்து பெயர் பெற்ற நோய் இதுதான்.

நம்மூரில் பெரியம்மாவுக்கு என்ன வந்தது என்பதே பல வீடுகளில் வாய்க்கு வராத பேச்சு. 'வயித்துக் கட்டி' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். கிளினிக்குக்குப் போக முன் வீட்டில் மூத்த பெண்களிடம் கேட்டு, யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போரிலும் சுனாமியிலும் இளவயதில் போனவர்கள் இருக்கும் குடும்பமென்றால் அதையும் எழுதுங்கள். அவர்களுக்குப் புற்றுநோய் வரவில்லை என்பதை ஆதாரமாக எடுக்க முடியாது.

"மச்சானுக்குக் குடல் முழுக்க நூற்றுக்கணக்கில பொலிப் எண்டாங்க. அதுவும் லிஞ்ச்தானா?"

பெரும்பாலும் இல்லை, லிஞ்சில் பொலிப் அத்தனை வராது. நூறு, ஆயிரம் என்றால் முதலில் நினைப்பது எஃப்ஏபி: ஏபிசி பரம்பரையலகு பிறவியிலேயே பழுதானது. அதைக் காட்டிக்கொடுப்பது கட்டியின் தோற்றத்தைவிடப் பொலிப்புகளின் எண்ணிக்கைதான்.

பத்துக்கணக்கில் பொலிப் இருந்து, பெற்றோருக்கு ஒன்றும் இல்லையென்றால் மியூட்டிவைஎச் என்ற பரம்பரையலகையும் பார்ப்பார்கள். அது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டும் தோன்றும் நோய். மச்சான் மச்சாளுக்குள் கலியாணம் செய்யும் குடும்பங்களில் அந்த வாய்ப்புக் கூடும் என்பதால், பெற்றோர் உறவுக்காரரா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

"கேராஸ் எண்டொரு பரிசோதனை கேட்டாங்க, காசு கூட. அதையும் இந்தக் கண்ணாடியிலேயே பாத்துச் சொல்லேலாதா?"

ஏலாது. குடல் புற்றுநோயில் சுமார் 40 வீதத்தில் கேராஸ் என்ற பரம்பரையலகில் விகாரம் இருக்கிறது. ஆனால் நம்பிச் சொல்லக்கூடிய தோற்றம் எதுவும் அதற்கு இல்லை. கட்டியிலிருந்து டிஎன்ஏ எடுத்துத்தான் பார்க்க வேண்டும். நோய் பரவிய நிலையில் செற்றுக்சிமாப், பனிற்றுமுமாப் போன்ற மருந்துகளை யோசிக்கும்போது இது அவசியம், ஏனென்றால் விகாரம் இருந்தால் அவை வேலை செய்யா.

"வகை தெரிஞ்சா மருந்து மாறுமா?"

மாறும். இரண்டாம் கட்டத்து எம்எஸ்ஐ கட்டியில் 5-எஃப்யூ மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதால் பயன் இல்லை என்று தெரிந்திருக்கிறது. வீணான கீமோவைத் தவிர்க்கலாம். பரவிய நிலையில் நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் 2017இல் எம்எஸ்ஐ கட்டிகளுக்கும், 2020இல் குடல் புற்றுநோய்க்கு முதல் மருந்தாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், டிஎம்எம்ஆர் வகை நேர்குடல் புற்றுநோயாளர்களில் டொஸ்ரர்லிமாப் முழுமையாகப் பெற்று முடித்த முதல் 12 பேரிலும் கட்டி முற்றாக மறைந்தது. கட்டிக்குள் காத்துநிற்கும் அதே நிணநீர்க்கலங்களைத்தான் இந்த மருந்துகள் அவிழ்த்துவிடுகின்றன. விலை மிக அதிகம் என்பது உண்மை. மகரகமவிலோ கண்டியிலோ மட்டக்களப்பிலோ உங்களைப் பார்க்கும் புற்றுநோய் நிபுணரிடம் கேளுங்கள். கேட்காமல் நீங்களாகவே கிடைக்காது என்று விட்டுவிட வேண்டாம்.

"வாப்பா மௌத்தாகிக் கனகாலம். இப்ப நானாக்கும் வந்திருக்கு. வாப்பாட கட்டியை இனிப் பாக்கேலுமா?"

பார்க்க முடியலாம். மெழுகுக் கட்டையில் பதித்த இழையம் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். பழைய ரிப்போர்ட்டில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தோடு, அதைச் செய்த இடத்தில் கட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனாலும் உயிரோடிருக்கும் நானாவின் கட்டியில் தொடங்குவதே இலகு. வேறொரு இடத்துக்குச் சிகிச்சைக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு கட்டையையும் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லலாம். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கட்டையை விட்டுவிடாதீர்கள், மெழுகு உருகும்.

"ஒப்பரேசன் முடிஞ்சதும் போத்தலில போட்டுத் தந்து கொழும்புக்குக் குடுத்தனுப்பச் சொன்னாங்க. வழியில பழுதாகாதா?"

ஃபோர்மலின் சரியாக இருந்தால் பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ கொண்டுபோவதால் பழுதாகாது. 10 வீத ஃபோர்மலின், துண்டின் பருமனைப்போல் பத்து மடங்கு, வாயகன்ற போத்தல். குடலைத் திறந்து வைத்தால்தான் திரவம் உள்ளே இறங்கும். அதைச் செய்ய வேண்டியவர்கள் வைத்தியசாலையில் இருப்பவர்கள். நீங்கள் திறக்கவோ தண்ணீர் சேர்க்கவோ கூடாது. திரவம் இறங்காமல் உட்பகுதி அழுகினால் சாதாரண சாயத்திலேயே கலங்கள் மங்கும்; நான்கு புரதச் சாயமோ சொல்லவே வேண்டாம். எங்கள் ஊர்ச் சூட்டில் அது வெகு சீக்கிரம் நடக்கும். மறுபக்கம், வாரக்கணக்கில் ஃபோர்மலினிலேயே கிடந்தாலும் புரதமும் டிஎன்ஏயும் சிதையும். அதே நாளில், முடியாவிட்டால் அடுத்த நாள் ஒப்படைத்துவிடுங்கள்.

"முதல்ல கதிரும் கீமோவும் குடுத்துப் பிறகுதான் எடுத்தாங்க. இப்ப எம்எஸ்எச்6 இல்லையாம், சீதம் நிறைய இருக்காம்."

இங்கே அவசரப்படக் கூடாது. சிகிச்சைக்குப் பின் எம்எஸ்எச்6 சாயம் மங்குவதோ காணாமற்போவதோ நடக்கும், பரம்பரையலகில் எந்தப் பழுதும் இல்லாமலே. சிகிச்சைக்கு முன் கொலொனோஸ்கொப்பியில் எடுத்த பயோப்சித் துண்டில் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். பயோப்சி சிறிதென்றாலும் உடனே ஃபோர்மலினுக்குள் போவதால் சாயம் நன்றாகப் பிடிக்கும்.

சீதமும் அப்படித்தான். சிகிச்சையில் கலங்கள் செத்தபின் சீதக் குளங்கள் மட்டும் எஞ்சியிருக்கலாம். அவற்றுக்குள் உயிருள்ள புற்றுநோய்க் கலம் இல்லையென்றால் அதை மியூசினஸ் வகை என்றோ நோய் மிச்சம் என்றோ கணக்கெடுப்பதில்லை.

"தங்கச்சிக்கு 34 வயசு. நாலு புரதமும் இருக்காம். ஆனா டில்ஸ் நிறைய, குரோன்ஸ் லைக் எண்டும் போட்டிருக்கு. லிஞ்ச் இல்லை எண்டு நிம்மதியா இருக்கலாமா?"

இன்னும் இல்லை. புரதம் இருப்பதும் அது வேலை செய்வதும் வேறு வேறு. சில விகாரங்களில், கூடுதலாக எம்எல்எச்1இல், செயலிழந்த புரதம் உருவம் மாறாமல் அப்படியே இருக்கும், சாயமும் பிடித்துவிடும். இந்த இடத்தில் பிசிஆர் முறையில் எம்எஸ்ஐயை நேரடியாகப் பார்க்க வேண்டும். இரண்டு பரிசோதனையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத சிலரைப் பிடிப்பதற்காகத்தான் இரண்டையும் செய்வது.

அதிலும் ஒன்றும் வராவிட்டால் போல்-ஈ என்ற பரம்பரையலகு மிச்சம். டிஎன்ஏயைப் படியெடுக்கும் நொதியிலேயே பழுது வந்து பிழைகள் எம்எஸ்ஐ கட்டியைவிடவும் அதிகமாகக் குவியும் வகை அது. அரிது, இளவயதினரில் கூடுதலாகக் காணப்படுகிறது. தோற்றத்தில் எம்எஸ்ஐ கட்டி போலவே நிணநீர்க்கலங்கள் நிறைந்திருக்கும், நான்கு புரதமும் சரியாக இருக்கும். இதற்கு டிஎன்ஏ வரிசைப்படுத்தல் தேவை. அடுத்த கிளினிக்கில் தங்கச்சியின் ரிப்போர்ட்டைக் காட்டி மூன்று விடயம் கேளுங்கள்: பிசிஆர் எம்எஸ்ஐ செய்யலாமா, போல்-ஈ பார்க்க வசதி எங்கே உண்டு, 50 வயதுக்கு முன்பே வந்திருப்பதால் பரம்பரையியல் ஆலோசனைக்கு அனுப்ப முடியுமா. கண்ணாடியில் அத்தனை டில்ஸ் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.